திரும்பிப் போனவர்கள்: குவைத் 1991, வரலாற்றின் மறுபாதி

1

வளைகுடாவைப் பற்றி நம்மிடம் இருக்கிற வரலாறு அரைவாசி வரலாறுதான். போனார்கள், சம்பாதித்தார்கள், வந்தார்கள். நெருக்கடி என்று வந்தால் அரசு மீட்டது. இதற்கு மேல் அந்தக் கதையாடலுக்குள் எதற்கும் இடமில்லை.

1990 ஆகஸ்டு 2ஆம் தேதி இராக் குவைத்தை ஆக்கிரமித்தபோது அங்கே ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் இருந்தனர். ஆகஸ்டு 13 தொடங்கி அக்டோபர் 11 முடிய 59 நாட்கள், 488 விமானங்கள். பெரும்பாலும் அம்மானிலிருந்து பம்பாய்க்கு. பயணிகள் விமானங்களால் நடந்த மிகப் பெரிய மீட்பு என்று சாதனைப் பதிவில் ஏறியது. 2016இல் 'ஏர்லிஃப்ட்' என்று இந்திப் படமாகவும் வந்தது. கொடி ஏறுகிறது, ஜனங்கள் விமானம் ஏறுகிறார்கள், தேசம் தன் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறது.

சரி, அப்புறம்? பம்பாயில் இறங்கியவர்கள் என்ன ஆனார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்ட உடனேயே தேசியக் கதையாடல் வாயை மூடிக்கொள்கிறது. ஏனென்றால் பதில் சங்கடமானது. அவர்களில் கணிசமானோர் திரும்பவும் குவைத்துக்கே போனார்கள். 1991 பிப்ரவரி இறுதியில் குவைத் விடுவிக்கப்பட்ட பிறகு, சில ஆண்டுகளுக்குள்ளேயே அங்கிருந்த இந்தியர் தொகை போருக்கு முந்திய அளவைத் தாண்டிவிட்டது. இன்று அது பத்து லட்சத்தை ஒட்டி நிற்கிறது. எந்த இடத்திலிருந்து 'மீட்டார்களோ' அந்த இடத்துக்கே ஜனங்கள் தங்கள் செலவில், ஏஜென்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்துப் போயிருக்கிறார்கள் என்றால், மீட்பு என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

நம் மொழியில் விடைபெறும்போது யாரும் 'போறேன்' என்பதில்லை, 'போயிட்டு வர்றேன்' என்பார்கள். போவது வருவதற்குள் அடங்கியது. வளைகுடாக்காரன் விஷயத்தில் இது தலைகீழாகிவிட்டது. லீவில் ஊருக்கு வந்தவனிடம் முதல் கேள்வி 'எப்ப வந்தீங்க?', இரண்டாவது 'எத்தனை மாச லீவு?'. வருவது போவதற்குள் அடங்கிவிட்டது. 'திரும்புதல்' என்ற வினை இரண்டு ஊரையும் பார்த்து நிற்கிறது. அதில் ஒரு திசைக்கு மட்டும் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. மறுதிசையைப் பற்றியதே இக்கட்டுரை.

2

திரும்பிப் போனவர் எந்த ஏற்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்தார் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

குவைத்தில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது 1938இல். 1961இல் குவைத் சுதந்திர நாடாகும்வரை அங்கே செல்லுபடியானது இந்திய ரூபாய். கடைசி இரண்டு ஆண்டுகள் வளைகுடாவுக்கென்றே ரிசர்வ் வங்கி தனியாக அச்சடித்த ரூபாய். அப்போது கடல்வழியாகப் போய்வந்த இந்தியருக்குக் குவைத் முற்றிலும் அந்நிய நிலமல்ல. காலனியத்தின் ஒரே பணப்பையில் இரண்டும் கிடந்தன.

இந்நிலையில் 1959ஆம் ஆண்டு முக்கியமானது. அந்த ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று குடியுரிமைச் சட்டம்: 1920க்கு முன்பே குவைத்தில் குடியிருந்தோரும் அவர்கள் வழியினருமே மூலக் குடிமக்கள். மற்றது அந்நியர் வதிவிடச் சட்டம். யார் உள்ளே, யார் வெளியே என்று ஒரு சட்டமும், வெளியே இருப்பவன் எந்த நிபந்தனையில் உள்ளே இருக்கலாம் என்று இன்னொரு சட்டமும் வகுத்தன. இரண்டையும் சேர்த்து ஒரே பிரதியாகத்தான் வாசிக்க வேண்டும். தனியார் வேலைக்காரர்கள் இந்த வதிவிடச் சட்ட ஒழுங்கின் 18ஆம் பிரிவு. வீட்டு வேலைக்காரர்கள் 20ஆம் பிரிவு. குவைத்வாசிகள் 'நான் பதினெட்டு', 'அவ இருபது' என்று சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். சட்டத்தின் எண் மனிதரின் பெயராகிவிட்ட நிலை இது.

இதற்கு அச்சாணி கஃபீல். உள்ளூர்ப் பிணையாள் ஒருவர் இல்லாமல் இகாமா கிடையாது, இகாமா இல்லாமல் நீ சட்டப்படி இல்லவே இல்லை. இது அரபுப் பழங்குடி விருந்தோம்பலிலிருந்து வளர்ந்த மரபு என்று சொல்லப்படுவதுண்டு. பஹ்ரைனைச் சேர்ந்த ஆய்வாளர் ஒமர் அல்ஷெஹாபி இதை மறுத்திருக்கிறார். முத்துக்குளிப்புப் படகுகளில் வந்து சேர்ந்த வெளியாட்களைக் கட்டுப்படுத்த பிரிட்டிஷ் நிர்வாகம் படகின் நகுதாவையே அவர்களுக்குப் பொறுப்பாளியாக்கியது. நவீன கஃபாலாவின் வேர் அங்கே இருக்கிறது என்பது அவர் வாதம். நகுதா என்ற சொல் நம் கீழைக்கரையோரத்துக்கும் பழக்கமான சொல்தான். 'மரபு' என்று காட்டப்படுவது பல சமயங்களில் காலனியம் அடித்த முத்திரை என்பது நாம் சாதி பற்றிய விவாதங்களில் கேட்டு அறிந்ததே.

ஆக, 'தற்காலிகம்' என்பது வந்து போகும் ஒரு கட்டமல்ல, ஓர் ஆட்சிமுறை. முப்பது வருஷம் இருந்தாலும் தற்காலிகம்தான். ஒவ்வொரு இகாமாப் புதுப்பிப்பிலும், ஒவ்வொரு லீவு முடிந்து போய் இறங்கும்போதும், இந்தத் தற்காலிகம் புதிதாக உற்பத்தி செய்யப்படுகிறது.

3

1990க்கு முன் குவைத்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் பாலஸ்தீனர்கள் இருந்தனர். பள்ளிக்கூடம், மருத்துவமனை, அலுவலகம், பத்திரிகை எல்லாவற்றிலும் அவர்கள் இருந்தார்கள். கஸ்ஸான் கனஃபானி அங்கே ஆசிரியராக வேலை பார்த்தவர். பாஸ்ராவிலிருந்து குவைத்துக்குத் தண்ணீர் லாரித் தொட்டிக்குள் ஒளிந்து போக முயன்று செத்துப்போகும் மூன்று பாலஸ்தீனர் கதையை அவர் 1963இல் எழுதி வெளியிட்டார். ஹவல்லி என்ற பகுதியே பாலஸ்தீனர் ஊர் என்று அறியப்பட்டது. அங்கே பிறந்து வளர்ந்த தலைமுறைக்கும் குடியுரிமை இல்லை.

யாசர் அராஃபத்தும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் சதாமின் பக்கம் சாய்ந்ததாகக் கருதப்பட்டது. அதன் விலையைக் குவைத்துப் பாலஸ்தீனர்கள் கொடுத்தார்கள். ஆக்கிரமிப்புக் காலத்திலேயே பாதிப்பேருக்கு மேல் வெளியேறிவிட்டனர். விடுவிப்புக்குப் பிறகு இராணுவச் சட்டம், கைதுகள், சித்திரவதை, வதிவிட அனுமதி மறுப்பு. மிஞ்சியவர்கள் சில பத்தாயிரம் பேர்தான். ஆக்கிரமிப்பை எதிர்த்து நின்ற பாலஸ்தீனர்களும் இருந்தார்கள், ஆனால் அந்த வித்தியாசம் கணக்கில் எடுக்கப்படவில்லை.

அந்த வெற்றிடத்துக்குள்தான் நம்மாட்கள் போனார்கள். இதை யார் மீதும் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது காலியான வேலை யாருடையது என்று எவரும் விசாரிப்பதில்லை. ஆனால் அமைப்பை விசாரித்தாக வேண்டும். அரபுத் தொழிலாளிக்கு மொழி ஒன்று, அரசியல் ஒன்று, உரிமை கோரும் வாய் ஒன்று. ஆசியத் தொழிலாளியோ மொழியால் துண்டிக்கப்பட்டவர், குடும்பத்தைக் கொண்டுவர முடியாதவர், கூலி குறைவு, எந்த நேரமும் விமானம் ஏற்றி அனுப்பலாம். எழுபதுகளிலேயே வளைகுடா முழுக்கத் தொடங்கிவிட்ட இந்த இடப்பெயர்ப்பைப் போர் ஒரே வீச்சில் முடித்துவைத்தது.

எம்.ஏ. நுஃமான் மொழிபெயர்த்த பாலஸ்தீனக் கவிதைகளை வாசித்து நெகிழ்ந்த தலைமுறை நம்முடையது. அதே தலைமுறையின் அண்ணனோ மச்சானோ ஹவல்லியில் காலியான அறையில் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். இந்த இரண்டும் ஒரே வரலாறு என்று நாம் எங்கும் எழுதவில்லை. நமது சர்வதேசியம் கவிதையோடு நின்றுவிட்டது.

4

திரும்பிப் போனவர் கண்ட நகரம் எது? பின்வாங்கிய இராக்கியப் படை அறுநூறுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்திருந்தது. கடைசிக் கிணறு அணைக்கப்பட்டது 1991 நவம்பர் 6ஆம் தேதி. அதற்கு முன் போனவர்கள் நடுப்பகலிலும் புகை கவிந்த வானத்தின் கீழே வேலைக்குச் சேர்ந்தார்கள். மணலில் கண்ணிவெடிகள் கிடந்தன. ஆக்கிரமிப்பின்போது குவைத்தின் தினாரே செல்லாது என்று அறிவிக்கப்பட்டிருந்தது. விடுவிப்புக்குப் பிறகு மார்ச்சு 24இல் புது நோட்டுகள் வந்தன, கொள்ளைபோன வரிசை எண்கள் கொண்ட பழைய நோட்டுகள் செல்லாமல்போயின. இரண்டு முறை பணம் மாறியது. இரண்டு முறையும் தலையணைக்கடியில் சேர்த்து வைத்தவருக்குத்தான் அடி.

பெட்டியைத் திறந்து, கட்டிலைப் பிடித்து, மெஸ்ஸில் பெயர் கொடுத்து, பழைய ஆட்களில் யார் யார் வந்தாச்சு என்று விசாரித்து, முதல் வெள்ளிக்கிழமை ஊருக்குக் கடிதம் எழுதி, இப்படித்தான் ஒருவர் 'செட்டில்' ஆகிறார். ஆனால் கஃபீல் மாறியிருந்தால் இகாமா புதிது. ஒப்பந்தம் புதிது என்றால் சர்வீஸ் கணக்கும் முதல் நாளிலிருந்துதான். இருபது வருஷம் வாழ்ந்த ஊரில் ஒருவர் நேற்று வந்த ஆளாகிறார். அனுபவம் உடம்பில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை.

பெண்கள் கதை இதனினும் இருண்டது. 1964ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டு வேலைக்காரர்களைத் தன் வரம்பிலிருந்து வெளியே வைத்திருந்தது. மிடில் ஈஸ்ட் வாட்ச் அமைப்பின் 1992 அறிக்கை சொல்வது: விடுவிப்புக்குப் பிந்திய ஓராண்டுக் காலத்தில் இலங்கை, பிலிப்பைன்ஸ், வங்கதேசம், இந்தியா ஆகிய நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 2,000 பணிப்பெண்கள் வேலை பார்த்த வீடுகளிலிருந்து தப்பித் தத்தம் தூதரகங்களில் தஞ்சம் புகுந்தார்கள். அடியும் பாலியல் வன்முறையும் பறிக்கப்பட்ட பாஸ்போர்ட்டும் அந்த அறிக்கையின் பக்கங்கள். ஆக்கிரமிப்புக்கு ஆளான தேசம், விடுதலை பெற்ற மறுகணமே தன் சமையலறைக்குள் வேறொரு ஆக்கிரமிப்பை நடத்திக்கொண்டிருந்தது. வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனிச்சட்டம் வர 2015 ஆனது.

5

இந்த ஜனங்களைப் பற்றி எங்கேயாவது ஆவணம் இருக்கிறதா? இருக்கிறது, நாம் எதிர்பாராத இடத்தில். ஐ.நா. 1991இல் ஜெனீவாவில் ஓர் இழப்பீட்டு ஆணையத்தை அமைத்தது. குவைத்தை விட்டு ஓட நேர்ந்த தனியாளுக்கு 2,500 அல்லது 4,000 டாலர், குடும்பத்துக்கு 5,000 அல்லது 8,000. மேற்கொண்டு இழப்பு இருந்தால் தனிப் படிவம்: காயம், மரணம், உடைமை, வங்கிப் பணம், வருமானம் என்று தலைப்புத் தலைப்பாக. தில்லியில் வெளியுறவு அமைச்சகம் இதற்கெனத் தனிக் குவைத் பிரிவு வைத்து மனுக்களைத் திரட்டி அனுப்பியது.

வாழ்க்கை வரலாறு எழுதும் வசதி இல்லாதவர்களின் வாழ்க்கை வரலாறு இப்படிப் படிவமாக எழுதப்பட்டது. ஃபிரிட்ஜ், டேப்ரிகார்டர், தங்கம், வாங்காத மூன்று மாதச் சம்பளம். நிரூபிக்க முடிந்தது இழப்பு, முடியாதது வெறும் புலம்பல். அதிகாரத்தின் மொழியில் பேசினால்தான் துயரம் கேட்கப்படும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. கொடுக்கப்பட்ட பணமும் எங்கிருந்து வந்தது? பொருளாதாரத் தடையில் மருந்தில்லாமல் கிடந்த இராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து. தொடக்கத்தில் அதில் 30 விழுக்காடு இதற்கென்று எடுக்கப்பட்டது. 2022 ஜனவரியில் கடைசித் தவணையோடு சேர்த்து மொத்தம் 5,240 கோடி டாலர். ஏழையின் இழப்பை இன்னொரு ஏழை தேசம் அடைத்துத் தீர்த்தது.

6

மீட்பின் நாயகர்களுள் ஒருவராகப் பேசப்படும் மாத்துண்ணி மாத்யூஸ், 'டொயோட்டா சன்னி', 1956இல் குவைத்துக்குப் போனவர். எல்லோரையும் அனுப்பிவைத்த அவரும் திரும்பிக் குவைத்துக்கே போனார். 2017இல் அங்கேதான் இறந்தார். வசதி படைத்த அவருக்கே ஊர் என்பது அங்கேயும் இருந்தது. அப்படியானால் 18ஆம் பிரிவுக்காரரின் ஊர் எது?

2020 பெருந்தொற்றின்போது மறுபடியும் விமானங்கள் பறந்தன. 'வந்தே பாரத்' என்று பெயர். இம்முறை டிக்கெட் காசு பயணியுடையது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் இகாமா செத்துவிடும் என்ற விதியைக் குவைத் சிறிது காலம் நிறுத்திவைக்க வேண்டிவந்தது. விதி நின்றபோதுதான் இத்தனை காலமும் அது எத்தனை பேரின் கழுத்தில் கிடந்தது என்பது தெரிந்தது.

2024 ஜூன் 12இல் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று விடியற்காலையில் எரிந்தது. இரண்டு நாள் கழித்து விமானப்படை விமானம் ஒன்று 45 இந்தியர்களின் உடல்களோடு கொச்சியில் வந்து இறங்கியது. ஏழு பேர் தமிழ்நாட்டவர். அமைச்சர்கள் வரிசையில் நின்று மலர்வளையம் வைத்தார்கள். உயிரோடிருந்தபோது அந்தக் கட்டடத்தில் எத்தனை பேரை அடைத்திருந்தார்கள் என்று கேட்காத அரசு, உடலை வரவேற்கத் தவறுவதில்லை. 1990லிருந்து நம் அரசுகளுக்கு இந்த ஒரு திசை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது: வந்திறங்கும் திசை.

மறுதிசையை எழுதுவது நம் வேலை. விமானங்களின் எண்ணிக்கையிலிருந்து அல்லாமல், திரும்பிப் போய் இறங்கிய அன்று கையெழுத்துப் போட்ட காகிதத்திலிருந்து அந்த வரலாறு தொடங்க வேண்டும். அதில் என்ன எழுதியிருந்தது, எந்த மொழியில் எழுதியிருந்தது, யாராவது வாசித்துக் காட்டினார்களா, பழைய சர்வீஸ் என்ன ஆயிற்று, அந்த வேலையை அதற்கு முன் செய்துகொண்டிருந்தவர் எங்கே போனார். 1991இல் திரும்பிப் போன பலர் இன்று முதுமையில் ஊர் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்க வேண்டும்.