பெம்பெம் தேவி: லீக் இல்லாத காலத்துக் கால்பந்துக்காரி

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் போய், பெம்பெம் தேவி யார் என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரிந்தாலே அதிகம். (டோனியைக் கேட்டால் ஜாதகமே சொல்வார்கள்!) இருபது வருடம் இந்தியப் பெண்கள் கால்பந்து அணிக்காக ஆடியவர் இவர்.

ஒய்னம் பெம்பெம் தேவி 1980ல் மணிப்பூரின் இம்பாலில் பிறந்தார். சின்ன வயதில் பையன்கள் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டுமே என்று ஆண்பிள்ளைப் பெயரைச் சொல்லிக்கொண்டு இறங்குவாராம். 1993ல் மணிப்பூர் அணி. 1995ல், 15 வயதில், இந்திய அணி. மலேசியாவில் நடந்த ஆசியப் போட்டியில் குவாம் அணிக்கு எதிராக முதல் ஆட்டம்.

வந்த நேரம்தான் சரியில்லை. 1980ல் கோழிக்கோட்டிலும் 1983ல் பாங்காக்கிலும் நடந்த ஆசியப் போட்டிகளில் இந்தியப் பெண்கள் இரண்டாம் இடம் பிடித்திருந்தார்கள். ஆம், ஆசியாவிலேயே இரண்டாவது! சாந்தி மல்லிக்குக்கு 1983ல் அர்ஜுனா விருது கிடைத்தது. அதன்பிறகு எல்லாம் இறங்குமுகம். தேசிய அணிக்கு ஆட்டமே ஏற்பாடு செய்யாமல் விட்டதில், 2009ல் பிபா தரவரிசைப் பட்டியலில் இருந்தே இந்தியாவின் பெயர் போய்விட்டது. தோற்றுப் போய் அல்ல, ஆடாமலே! அப்போது பெம்பெமுக்கு வயது 29. கால்பந்து ஆடுபவருக்கு அதுதானே நல்ல வயது?

அமெரிக்காவில் பெண்களுக்குச் சம்பளத்துடன் லீக் 2001லேயே வந்துவிட்டது (மூன்றே சீசனில் மூடியது வேறு கதை). இங்கே அதுவும் இல்லை. மணிப்பூர் காவல்துறை வேலைதான் பெம்பெமுக்குச் சோறு போட்டது. 2014ல் மாலத்தீவின் நியூ ரேடியன்ட் கிளப் அழைத்தபோது வயது 34.

2016ல் ஷில்லாங்கில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி. இறுதி ஆட்டத்தில் நேபாளத்தை 4-0 என்று வென்று தங்கம் வாங்கிய கையோடு இந்திய அணியிலிருந்து விடைபெற்றார். அடுத்த வருடமே, 2017ல், இந்தியப் பெண்கள் லீக் முதன்முதலாகத் தொடங்கியது! அதில் இம்பாலின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியனுக்கு ஆட்டக்காரரும் இவரே, மேனேஜரும் இவரே. தன்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னப் பெண்களோடு ஆடி, டெல்லியில் நடந்த இறுதி ஆட்டத்தில் 3-0 என்று கோப்பையை வென்றார்கள். பிறகு இந்திய இளையோர் அணியின் பயிற்சிக் குழுவிலும் பணியாற்றினார். அர்ஜுனா விருது 2017ல் வந்தது. சாந்தி மல்லிக்குக்குப் பிறகு இதைப் பெற்ற கால்பந்துப் பெண் இவர்தான். நடுவில் 34 வருடம். 2020ல் பத்மஸ்ரீ.

இனி நம்ம பக்கம். 1993 வரை விழுப்புரமும் திண்டிவனமும் தென்னாற்காடு மாவட்டம், தலைநகர் கடலூர். அந்தக் கடலூரில்தான் 2004 சுனாமியில் குடும்பத்தை இழந்த சிறுமிகளுக்கு மாரியப்பன் என்ற பயிற்சியாளர் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். 2018ல் கட்டாக்கில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில், வருடா வருடம் கோப்பையைத் தூக்கிப் பழகிய மணிப்பூரை 2-1 என்று தமிழ்நாடு வீழ்த்தியது. தமிழ்நாட்டுக்கு அதுதான் முதல் பட்டம். 2019ல் லீக் கோப்பை மதுரையின் சேது எப்.சி.க்கு வந்தது. இரண்டு அணியிலும் இருந்தவர் கடலூர் இந்துமதி கதிரேசன். அவருக்கும் வேலை காவல்துறையில்தான், சப்-இன்ஸ்பெக்டராக.