காத்துக் கிடந்த மரபணு



கோலா கங்சார் நகரிலுள்ள முதிய பால்மரத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1877-ஆம் ஆண்டில் அங்கே 9 கன்றுகள் நடப்பட்டன. ஆனால் ரப்பரை நம்பித் தோட்டம் போட ஆட்கள் முன்வர ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின. ஒரு பொருள் கைக்கு வருவது வேறு. அதன் பயன் புத்திக்கு எட்டுவது வேறு. மருத்துவ வரலாற்றில் இப்படிக் காத்துக் கிடந்த ஒரு மரபணுவைப் பற்றி இன்று பார்ப்போம்.

மரபணு என்பது, இன்ன புரதத்தை இப்படிச் செய் என்று உயிரணுவுக்குச் சொல்லும் குறிப்பு. அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில் லட்சுமி சரண் பாடி என்ற இந்திய விஞ்ஞானி பணியாற்றினார். எலியின் நரம்புக் கட்டியிலிருந்து எடுத்த மரபுப் பொருளைச் சுண்டெலியின் உயிரணுக்களில் செலுத்தியபோது, அவையும் புற்றுத்தன்மை அடைந்தன. அவ்வாறு மாறிய உயிரணுக்களில் புதிதாக ஒரு புரதம் தோன்றுவதை 1982-இல் பாடி குழுவினர் அறிவித்தனர். நரம்புக் கட்டியில் கிடைத்ததால் அதன் மரபணு 'நியூ' எனப்பட்டது.

அந்தப் புரதம் உயிரணுவின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருந்தது. ஆகவே, கிருமிகளைப் பற்றிப் பிடிக்கும் எதிர்ப்பொருள் இதனையும் பிடிக்க இயலும். மருந்துக்கு வாசல் திறந்தே இருந்தது. ஆனால் அந்த ஆய்வுக்கூடத்தின் கவனமெல்லாம் மரபணுவின் மீதே இருந்தது. மருந்தாக்கும் முயற்சி அங்கே தொடங்கவில்லை.

1985-இல் இதன் மனித வடிவம் அறியப்பட்டு, 'ஹெர்-2' என்று பெயர் பெற்றது. நம் 17-ஆவது குரோமோசோமில் அது இருக்கிறது. மார்பகப் புற்றுநோயாளிகள் சிலரிடம் இம்மரபணு பல படிகளாகப் பெருகியிருப்பதையும், அவர்களுக்கு நோய் கடுமையாவதையும் 1987-இல் டெனிஸ் ஸ்லாமன் குழுவினர் காட்டினர். டிராஸ்டுசுமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்துக்கு அமெரிக்கா 1998-இல் அனுமதி அளித்தது. இடையில் கழிந்தவை 16 ஆண்டுகள்! அந்த மருந்துக்காகக் காத்திருக்க முடியாமல் மறைந்த பெண்களை எண்ணிப் பாருங்கள்.

கதை இன்னும் முடியவில்லை. ஹெர்-2-இன் உடன்பிறப்புப் போன்ற இ.ஜி.எஃப்.ஆர். மரபணு, கொடிய மனித மூளைக் கட்டிகள் பலவற்றில் பெருகியிருப்பதும் 1985-இலேயே தெரிந்தது. ஆனால் அவற்றை வெல்லும் மருந்து இன்னும் வாய்க்கவில்லை. குருதிக்கும் மூளைக்கும் இடையே இயற்கை அமைத்த தடுப்பு, மருந்துகள் பலவற்றை உள்ளே விடுவதில்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

புதிதாக ஒன்றைக் கண்டவர், "இது எந்த நோயாளிக்கு உதவும்?" என்று அன்றே கேட்க வேண்டும். நியூ மரபணு நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.