மலைமேல் தேடிய மருந்து



உதகமண்டலம் ஓர் ஊராய் வளர்ந்ததே நோயாளிகளின் பொருட்டுத்தான் என்று சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். இன்று நாம் மலர்க்காட்சிக்கும் ஏரிக்கும் அங்குப் போகிறோம். 1819ஆம் ஆண்டில் மலையேறிய கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவனோ, அங்கு வீசிய குளிர்காற்றில் கண்டது மருந்தை. சமவெளியின் வெப்பத்திலும் காய்ச்சலிலும் நலிந்த கும்பெனி உத்தியோகஸ்தர்கள் உடல் தேறுவதற்கு ஏற்ற இடம் அதுவே என்று அவர் துணிந்தார். உதகையில் கல்வீடு கட்டினார்; ஏரி வெட்டுவித்தார்; உருளைக்கிழங்கு முதலிய மேனாட்டுக் காய்கறிகளைப் பயிரிட்டார். பின்னர்க் கவர்னர்களும் கவர்னர் ஜெனரல்களும் அம்மலையை நாடி வந்தனர். 1834இல் பெண்டிங்கு பிரபு உதகையில் தங்கியிருந்தபோது மெக்காலே அவரைக் காண அங்கேயே ஏறி வந்தார். 1855இல் டல்ஹவுசி பிரபுவும் நலிந்த உடலோடு நீலகிரியில் தங்கினார்.

மலைக்காற்று காய்ச்சலில் மெலிந்தவனைத் தேற்றியது உண்மை. ஆனால் அக்காலத்து ஐரோப்பியச் செல்வரைப் பெரிதும் வாட்டிய மற்றொரு நோய்க்கு அக்காற்றால் யாதொரு பயனும் இல்லை. அதுவே 'கௌட்' என்னும் மூட்டுநோய். மாலையில் நலமாய் உண்டு உறங்கியவன் நள்ளிரவில் அலறி எழுவான். கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கித் தீப்போல் எரியும். போர்வை பட்டாலும் பொறுக்க இயலாது. சில நாளில் வலி தானே அடங்கும். சில திங்களில் மீண்டும் வரும். இந்நோயால் தாமே துன்புற்ற ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் 1683இல் இதனைப் பற்றி ஒரு நூலே எழுதினார். நம் நாட்டுச் சரக சங்கிதையோ அதற்குப் பல நூற்றாண்டு முன்னரே இத்தகைய நோயை 'வாதரக்தம்' என்று விரித்துரைத்திருக்கிறது. அதற்கு அந்நூல் தரும் மறுபெயர்களுள் ஒன்று 'ஆட்யவாதம்'. செல்வரைப் பற்றும் வாதம் என்பது பொருள். இறைச்சியும் மதுவும் மிகுந்த மேசையில் இந்நோய் எளிதில் வந்து அமரும் என்பதை இரு நாட்டினரும் தனித்தனியே கண்டிருந்தனர்.

காரணம் என்ன என்பது பின்னரே விளங்கிற்று. 1776இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலார் ஷீலே சிறுநீர்க்கல்லிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தார். அதுவே யூரிக் அமிலம். 1797இல் உல்லாஸ்டன் என்பவர் கௌட் நோயாளியின் மூட்டில் திரண்ட கட்டியிலும் அவ்வமிலத்தின் உப்பே உள்ளது என்று காட்டினார். இவற்றையெல்லாம் விட எனக்குப் பிடித்தது இலண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் காரட் 1854இல் வெளியிட்ட நூலிழைச் சோதனை. நோயாளியின் இரத்தத்தினின்று தெளிந்த நீரை ஒரு கண்ணாடித் தட்டில் ஊற்றுவார். சில துளி அசெட்டிக் அமிலம் சேர்ப்பார். துணியிலிருந்து உருவிய ஓரிரு இழைகளை அதில் இட்டு இரண்டொரு நாள் காத்திருப்பார். கற்கண்டுப் பாகில் இட்ட நூலில் கற்கண்டு படிவதுபோல், அந்த இழையில் யூரிக் அமிலப் படிகங்கள் ஒட்டியிருக்கும். நலமுற்றவனின் இரத்தத்தில் அவை படியா. ஒரு தட்டு, ஓர் இழை, சிறிது பொறுமை! ஆய்வுக்கூடத்தில் கருவி போதவில்லை என்று முறையிடும் மாணவர்க்கு நான் இதனைச் சொல்வதுண்டு.

உடலின் உயிரணுக்களிலும் நாம் உண்ணும் உணவிலும் உள்ள பியூரின் என்னும் பொருள் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. அதில் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. வெளியேற்றம் குறைந்தால் அது இரத்தத்தில் மிகும்; 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் அளவைக் கடந்தால் படிகமாகலாம். உடலில் குளிர்ந்த இடத்தில் இது எளிதில் நிகழும். கால் பெருவிரல் முதலில் சிக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே குளிர்மலை இந்நோய்க்கு மருந்தாகாமை வெளிப்படை. குளிரில் தாகம் தோன்றாமல் தண்ணீர் குடிக்க மறப்பவனுக்கு அது தீங்காகவும் கூடும்.

இனி மருந்தின் கதை. மேல்நாட்டில் கோல்சிக்கம் என்றொரு பூண்டு உண்டு. அதனைச் சார்ந்த ஒரு கிழங்கை ஆறாம் நூற்றாண்டிலேயே டிராலஸ் ஊர் அலெக்சாந்தர் என்னும் மருத்துவர் மூட்டுவலிக்கு அளித்தார். கிரேக்கர் அதற்கு இட்ட பெயரின் பொருள் 'எர்மிஸ் தேவனின் விரல்' என்பது. 1820இல் பாரிசு நகரத்து வேதியியலார் பெல்த்தியே, கவந்து இருவரும் கோல்சிக்கத்திலிருந்து அதன் மருந்துச் சத்தைப் பிரித்தனர். 1833இல் கைகர் என்பவர் அதற்குக் கோல்சிசின் என்று பெயரிட்டார். அதே 1820இல் அதே இருவர் சின்கோனாப் பட்டையிலிருந்து மலேரியாவைத் தீர்க்கும் குவினைனையும் பிரித்தெடுத்திருந்தனர்!

இவ்விரு மருந்துகளும் நம் நாட்டில் கண்ட வாழ்வைப் பாருங்கள். சின்கோனாவைத் தேடிக் கிளெமெண்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்க மலைகளுக்குச் சென்றார். 1860இல் தொடங்கி உதகைத் தாவரத் தோட்டத்து மெக்ஐவர் அதனைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார். கடல் கடந்து கைதிகளாய் வந்த சீனர்கள்கூட நடுவட்டத் தோட்டத்தில் உழைத்தனர். அத்தனை முயற்சி ஒரு மருந்துக்கு. மற்றதோ தேடாமலே கொங்கு நாட்டு வேலிகளில் பூத்துக் கிடந்தது. நம் செங்காந்தள் கோல்சிக்கத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே கோல்சிசினைத் தன் கிழங்கிலும் விதையிலும் தாங்கியிருப்பது. ஆங்கில வேதியியலார் இதனை ஆராய்ந்து வெளியிட்டது 1915இல்தான்.

காந்தள் குறிஞ்சி நிலத்து மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர் வரிசையில் முதலிடம் செங்காந்தளுக்கே. சங்கப் புலவர் அதனை மகளிர் விரலுக்கு உவமை சொன்னார்கள். கிரேக்கன் கிழங்கிலே விரலைக் கண்டான், தமிழன் மலரிலே கண்டான். இதனை ஒரு வேடிக்கையாகச் சொல்கிறேனே அன்றி, இதிலிருந்து எந்த உறவையும் நிறுவ முற்படவில்லை.

கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்று மக்கள் வழங்கும் அக்கிழங்கை ஆயுர்வேத நூல்கள் உபவிடங்களுள் ஒன்றாக எண்ணின. சர்க்கரைவள்ளி என்று மயங்கி உண்டு உயிர் நீத்தோர் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. முதலில் வாந்தியும் பேதியும். பிறகு சிறுநீரகமும் இரத்தமும் கெடும். ஆதலால் மூட்டுவலிக்கு வேலியில் கிழங்கு தோண்டும் எண்ணம் எவருக்கும் வேண்டா. மருத்துவர் தரும் அளவு ஒரு மில்லிகிராமை ஒட்டியது. அதிலும் சிறுநீரகம் தளர்ந்தவர்க்குக் குறைக்க வேண்டும்.

கோல்சிசின் வலியை அடக்கும். யூரிக் அமிலத்தைக் குறைக்காது. அதற்கு வேறு மருந்து வேண்டியிருந்தது. அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியன் அம்மையாரும் ஜார்ஜ் ஹிட்சிங்சும் உருவாக்கிய அல்லோபியூரினால் 1966இல் வழக்கிற்கு வந்தது. 1988இல் அவர்கள் நோபெல் பரிசு பெற்றனர். இம்மருந்தை நாள்தோறும் உட்கொண்டு அமில அளவை 6 மில்லிகிராமுக்குக் கீழே நிறுத்தினால், படிந்த படிகங்களும் மெல்லக் கரையும். வலி இல்லாத நாளில் மருந்து எதற்கு என்று நிறுத்திவிடுவதே நம்மவர் வழக்கம். நள்ளிரவு வேதனை திரும்பி வருவது பெரும்பாலும் அவ்வழியே. உணவிலும் சில உண்டு. ஈரல் முதலிய உறுப்பிறைச்சி, பீர், சர்க்கரை மிகுந்த பானங்கள் ஆகியன தீயவை. பருப்பும், நீலகிரியில் விளையும் காளானும் கீரையும் அத்துணைத் தீங்கு செய்வதில்லை என்று பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. பரம்பரைக் கூறும் இந்நோய்க்கு உண்டு. எனவே இதைப் பெருந்தீனிக்காரன் நோய் என்று நகைப்பது நியாயமன்று.

நடுவட்டத்துக் குவினைன் தொழில் செயற்கை மருந்துகள் வந்தபின் மங்கிவிட்டது. செங்காந்தளோ தமிழ்நாட்டின் மாநில மலராகி, மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் பணப்பயிராய்ப் பந்தல் ஏறியிருக்கிறது. மழைக்காலத்தில் அது பூக்கும்போது, காய்ப்பு மிகும்பொருட்டுத் தொழிலாளர்கள் கொடி கொடியாய்ச் சென்று மகரந்தத்தைக் கையாலேயே சேர்க்கிறார்கள். விதைகள் கடல் கடந்து ஆலைகளுக்குப் போகின்றன. குன்னூர்க் கடைத்தெருவில் மருத்துவர் சீட்டைக் காட்டினால், அச்சத்து அரை மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைக்கிறது.