திரையில் தெரியாத பவளத்திட்டு

சிங்கப்பூருக்குக் கிழக்கே, நீரிணையின் நுழைவாயிலில் நிற்கும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தை நம்மில் பலர் அறிவோம். 1851ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அவ்விளக்கத்திற்குப் பெயர் தந்த ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் யார் என்பதை மாணவர்களுக்குச் சொல்வோர் மிகச் சிலரே.

ஸ்காட்லாந்தில் பிறந்த அவர், 1786இல் 'அட்லஸ்' என்னும் கப்பலில் தலைவருக்கு அடுத்த நிலையில் பணியாற்றினார். பத்தேவியாவிலிருந்து இலங்கைக்குச் சென்ற அக்கப்பல், டியேகோ கார்சியா தீவில் மோதிச் சிதைந்தது. காரணம், கையிலிருந்த வரைபடத்தின் பிழை. அதன்பின் தாம் சென்ற கடல்களையெல்லாம் குறித்துவைப்பதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டார் ஹார்ஸ்பர்க். 1810இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல்வரைபடப் பொறுப்பும் அவரிடம் வந்து சேர்ந்தது.

இன்று அப்பொறுப்பைக் கணினி பகிர்ந்துகொள்கிறது. மாலுமி திரையில் திருப்பு முனைகளைக் குறித்தால் போதும். தொலைவு, திசை, பயண நேரம் ஆகியவற்றை மென்பொருள் கணக்கிட்டுவிடும். கலத்திற்குத் தேவையான ஆழத்தைக் கொடுத்துவிட்டால், ஆழம் குறைந்த இடங்களை எச்சரிக்கவும் செய்யும். அனைத்துலகக் கடல்சார் அமைப்பு இதற்கான தரத்தை 1995இல் வகுத்தது. 2012 முதல் 2018 வரை படிப்படியாகப் பெருங்கப்பல்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது.

ஆயினும் அட்லஸின் கதை முடிந்துவிடவில்லை. 2013 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படையின் 'கார்டியன்' கப்பல், பிலிப்பைன்ஸின் துப்பதாஹா பவளத்திட்டில் ஏறி நின்றது. அதன் மின்வரைபடம் திட்டை ஏறத்தாழ எட்டுக் கடல் மைல் தள்ளிக் காட்டியிருந்தது. வேறோர் அளவில் வரையப்பட்ட படத்தில் திட்டு சரியான இடத்திலேயே இருந்தது. இரண்டையும் ஒப்புநோக்கியவர்தாம் இல்லை!

மறு ஆண்டு நிகழ்ந்ததோ முற்றிலும் வேறு வகை. என்னை அதிகம் சிந்திக்க வைத்ததும் அதுவே. வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் சிங்கப்பூர் ஒரு புள்ளி. செந்தோசா தீவு அறவே இல்லை. அதைப் பிழை என்று நாம் சொல்வதில்லை. அளவு சிறியது, அவ்வளவே. அச்சிட்ட படத்தின் அளவு மாறாது. மின்வரைபடத்திலோ விரல் அசைவில் அளவு மாறுகிறது. படத்தைச் சுருக்கச் சுருக்கச் சிறு விவரங்கள் ஓசையின்றி மறைகின்றன.

2014 நவம்பர் 29 அன்று, உலகைச் சுற்றும் வால்வோ பாய்மரப் போட்டியில் 'வெஸ்டாஸ் விண்ட்' என்ற படகு கேப் டவுனிலிருந்து அபுதாபி நோக்கி விரைந்துகொண்டிருந்தது. செல்லும் வழியில் 40 மீட்டருக்குக் குறையாத ஆழம் உண்டு என்றே படகிலிருந்தோர் நம்பினர். இருளில் அது மொரீஷியஸுக்கு வடகிழக்கே உள்ள கார்கடோஸ் கரஜோஸ் பவளத்திட்டில் மோதியது. படகிலிருந்த ஒன்பது பேரும் உயிர் தப்பினர். சுருக்கிப் பார்த்த திரையில் அத்திட்டு தெரியவில்லை. அதே மின்வரைபடத்தைப் பெரிதாக்கியபோது, நீண்ட அத்திட்டு முழுவதும் தெளிவாகவே இருந்தது.