காட்டுக் கடனைக் கைமாற்றும் சந்தை: பிரேசிலின் அனுபவம்

தனியார் நிலத்தின் ஒரு பகுதியை இயற்கைத் தாவரங்களுடன் விட்டுவைக்குமாறு உரிமையாளரைச் சட்டத்தினால் கட்டாயப்படுத்தும் நாடு பிரேசில். 1965 ஆம் ஆண்டின் வனச் சட்டத்தில் இடம்பெற்ற இக்கடப்பாடு 2012 ஆம் ஆண்டின் புதிய வனச் சட்டத்திலும் தொடர்கின்றது. 'சட்ட அமேசன்' எனப்படும் நிர்வாகப் பிராந்தியத்தின் காட்டு நிலங்களில் 80 சதவீதமும், அப்பிராந்தியத்தினுள் அடங்கும் செராடோ எனும் சவன்னா நிலங்களில் 35 சதவீதமும், நாட்டின் ஏனைய இடங்களில் பொதுவாக 20 சதவீதமும் ஒதுக்கப்படல் வேண்டும்.

எனினும், தென்பகுதியில் இவ்வொதுக்கம் எப்போதோ கரும்புத் தோட்டங்களாகவும் மேய்ச்சல் தரைகளாகவும் மாறிவிட்டது. அதனை மீண்டும் காடாக்குமாறு கோரினால் விவசாயி வருமானத்தை இழப்பார். கோராதுவிட்டால் சட்டம் ஏட்டுச் சுரைக்காயாகிவிடும். இச்சிக்கலுக்குத் தீர்வாகவே 2012 ஆம் ஆண்டுச் சட்டம் சந்தையொன்றை வகுத்தது. தேவைக்கு அதிகமாகக் காட்டைப் பேணியவர் ஒரு ஹெக்டேயருக்கு ஒன்று வீதம் 'சூழல் ஒதுக்கக் கோட்டா'க்களைப் பெற்று விற்கலாம். 2008 ஜூலை 22 ஆம் திகதிக்கு முன்னர் ஒதுக்கத்தை அழித்தவர் அவற்றைக் கொள்வனவு செய்து தமது கடனைத் தீர்க்கலாம்.

உதாரணமாக, சாவோ பாலோ மாநிலத்தில் 1,000 ஹெக்டேயர் கரும்பு நிலம் வைத்திருப்பவர் 200 ஹெக்டேயரை ஒதுக்க வேண்டியவர். வடகிழக்கிலுள்ள பியாவுயி மாநிலத்தில் அதேயளவு நிலத்தில் 700 ஹெக்டேயரை அழிக்காது வைத்திருப்பவரிடம் 500 ஹெக்டேயர் உபரியாக உள்ளது. இருவரது நிலமும் செராடோவைச் சேர்ந்ததாயின் விற்பனை சாத்தியமே. வளமான மண்ணில் பயிர்ச்செய்கை தொடரும். காட்டைக் காத்தவருக்கு வருமானம் கிட்டும். சிதறிய துண்டுக் காடுகளுக்குப் பதிலாகப் பரந்த காடு எஞ்சும். பொருளியலாளர்கள் இம்முறையை ஆதரிப்பதற்குக் காரணம் இதுவே.

ஆனால் ஒரு ஹெக்டேயர் இன்னொரு ஹெக்டேயருக்குச் சமமாகுமா? ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள காடு சாவோ பாலோவின் ஊற்றுகளைக் காக்காது. அங்குள்ள பயிர்களுக்கு மகரந்தம் சேர்க்கும் தேனீக்களுக்குப் புகலிடமும் அளிக்காது. தென்பகுதிக்கே உரிய தாவரங்கள் அழிந்தால் வடக்கில் அவற்றை ஈடுசெய்ய இயலாது. சந்தையின் எல்லை விரியும்போது கடப்பாட்டின் செலவு குறைகின்றது. அதேவேளை, காடு மிக அருகிப்போன இடங்களிலேயே அது மீண்டும் வளரும் வாய்ப்பும் குறைகின்றது.

இரண்டாவது குறைபாடும் உண்டு. 2014 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று, புதிய சட்டத்தினால் மீளமைக்கப்பட வேண்டிய பரப்பு 50 மில்லியன் ஹெக்டேயரிலிருந்து 21 மில்லியனாகச் சுருங்கியதையும், சட்டபூர்வமாகவே அழிக்கத்தக்க தாவரப் பரப்பு சுமார் 88 மில்லியன் ஹெக்டேயர் என்பதையும் சுட்டிக்காட்டியது. வழங்கல் கேள்வியை விஞ்சும் சந்தையில் விலை வீழ்வது இயல்பு. அவ்வாறு வீழும்போது, எவரும் வெட்ட எண்ணாத தொலைதூரக் காடுகளே முதலில் விற்பனைக்கு வரும். பணம் கைமாறும், ஆனால் அதனால் ஒரு மரமேனும் மேலதிகமாகக் காக்கப்பட்டிராது.

ஆகவேதான் எல்லை பற்றிய விவாதம் நீதிமன்றம் வரை சென்றது. ஒரே உயிரினப் புவிப் பிராந்தியத்தினுள் ஈடுசெய்தால் போதும் என்றது சட்டம். 2018 இல் பிரேசிலின் உயர் நீதிமன்றம் 'ஒரே சூழலியல் அடையாளம்' கொண்ட நிலமே ஈடாகலாம் எனக் கட்டுப்படுத்தியது. 2024 இல் அதே நீதிமன்றம் பிராந்திய அளவுகோலை மீண்டும் ஏற்றுக்கொண்டது. விவசாயத் துறையினர் இதனால் நிம்மதியடைந்தனர். சூழலியலாளர்களின் அச்சமோ நீங்கவில்லை.

கடப்பாட்டை விற்கலாமா என்பதை விட, எவ்வெல்லைக்குள் விற்கலாம் என்பதே இங்கு முக்கியமான வினா. ஒரே ஆற்று வடிநிலத்தினுள்ளும், உண்மையில் ஆபத்தை எதிர்நோக்கும் காடுகளுக்கும் அதனை மட்டுப்படுத்தினால் செலவு சற்று அதிகரிக்கும். ஆனால் அச்செலவே காட்டுக்குச் செலுத்தப்படும் உண்மையான விலையாகும்.