கப்பற்றளத்தில் ஒரு வெள்ளை மேலங்கி

1891 ஜனவரி 22ஆந் திகதி, ‘ஔகுஸ்டா விக்டோரியா’ என்னும் ஜேர்மானியக் கப்பல் 241 பயணிகளுடன் மத்தியதரைக் கடலைச் சுற்றிவரப் புறப்பட்டது. சரக்கோ தபாலோ நோக்கமன்று, உலாவே நோக்கம். இத்தகைய பயணங்கள் பெருகப் பெருக, கப்பற்றளம் இளைஞரின் ஆடையலங்கார அரங்காயிற்று.

1930களின் முற்பகுதியில் வெப்பவலயக் கடல்களில் உலாச் சென்ற அமெரிக்க இளைஞர், இராப்போசன வேளையிற் கறுப்புக் கம்பளி மேலங்கியைத் தவிர்த்து, இடையளவில் முடியும் வெள்ளைக் குட்டை மேலங்கியை அணியலாயினர். அஃது அவர்களது ஆக்கமன்று. இந்தியா முதலிய வெப்பநாடுகளிற் பணியாற்றிய பிரித்தானியப் படை அதிகாரிகள் தம் உணவு மண்டபங்களில் அணிந்தது. ஆளவந்தோர் வெயிலுடன் செய்துகொண்ட சமரசம், ஓய்வெடுக்கச் சென்றோரின் நாகரிகமாயிற்று எனலாம்.

மெலிந்த உடலுக்கே அது பொருந்தும். தொந்தியை மறைக்க அதில் வழியில்லை. எனினும், அதனை வீழ்த்தியது தொந்தி மட்டுமன்று. விடுதிப் பரிசாரகரும் வாத்தியக் குழுவினரும் அதனையே சீருடையாகப் பெற்றனர். எசமானும் ஏவலாளனும் தூரத்தே ஒருவர்போலத் தோன்றுவதைச் செல்வந்தர் சகித்திலர். அப்பத்தாண்டு முடியுமுன்னரே, இடுப்புக்குக் கீழிறங்கும் வெண்ணிற இராப்போசன மேலங்கிக்கு அவர்கள் மாறிவிட்டனர். குட்டை மேலங்கி பரிசாரகரிடமே தங்கிற்று.