கோடு வேறு, மேடு வேறு

தமிழ்நாட்டு வரைபடத்தில் ஜவளகிரி ஓர் ஓரத்து ஊர். கர்நாடக எல்லையை ஒட்டி, காட்டுக்குள் கிடக்கிறது. நில அமைப்பைப் பார்த்தாலோ அது மைசூர்ப் பீடபூமியைச் சேர்ந்தது. அதே மேட்டிலுள்ள ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிருஷ்ணகிரிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். அதற்குள் நிலம் 300 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. தக்காணம் முடிந்து தமிழகச் சமவெளியை நோக்கிச் சரியும் படி இது. இப்பகுதியின் வரலாற்றைப் புரிந்துகொள்ள மாநில எல்லையைவிட இந்தப் படியே நம்பகமான வழிகாட்டி.

இப்பகுதி அடங்கியிருந்த பழைய சேலம் மாவட்டத்தை ஆண்ட ஆங்கிலேயர்களுக்கு இது தெரிந்திருந்தது. சரிவுக்கு மேலே ஓசூர்ப் பக்கம் பாலாகாட், இடையில் கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம் பாராமகால், அதற்கும் கீழே தாலாகாட் என்று மாவட்டத்தை மூன்றாகவே பிரித்துப் பேசினார்கள். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் அங்கே நிலத்தை அளந்து வரி விதித்துக்கொண்டிருந்தபோது, மேட்டிலிருந்த ஓசூர் திப்புவிடமே இருந்தது. ஏழு ஆண்டுக்காலம் இரண்டு அரசுகளுக்கு எல்லையாக நின்றது மலைச்சரிவுதான். 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகே ஓசூர் கம்பெனியின் சேலம் மாவட்டத்தில் சேர்ந்தது. எல்லை சரிவை விட்டு மேலேறிப் பீடபூமியின் நடுவே போய் உட்கார்ந்தது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதும் ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது.

கோடு நகர்ந்ததே தவிர நிலத்தின் போக்கு மாறவில்லை. மேட்டில் மானாவாரியாக ராகியும் கொள்ளும் அவரையும் விளைகின்றன. தளியைச் சுற்றிய குளிர்ச்சியில் ரோஜாவும் காய்கறியும் செழிக்கின்றன. சரிவுக்குக் கீழே வெயில் ஏற ஏற மாந்தோப்புகள். கிருஷ்ணகிரி அணைப் பாசனத்தில் நெல். தமிழோடு கன்னடமும் தெலுங்கும் மேட்டு ஊர்களில் வீட்டுமொழிகள். ராகி கதிர் முற்றும் பருவத்தில் கர்நாடகப் பக்கத்துப் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இறங்கி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளைக் கடந்து சானமாவு வரை வருகின்றன. அவற்றுக்கு இது ஒரே காடு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஓசூரை இன்றைய ஓசூராக்கியது மேடு அல்ல, கோடுதான். 1970-களில் பின்தங்கிய பகுதி என்று கருதி சிப்காட் தொழிற்பேட்டை அமைத்துச் சலுகை கொடுத்தது தமிழ்நாட்டு அரசு. அதனால்தான் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் வந்தன என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் சலுகை பெற்ற பின்தங்கிய பகுதிகள் தமிழ்நாட்டில் எத்தனையோ இருந்தன. அவையெல்லாம் ஓசூர் ஆகிவிடவில்லை. பெங்களூருக்கு 40 கிலோமீட்டரில், கணவாய் ஏறத் தேவையில்லாத சமதளத்தில், அதே மிதமான தட்பவெப்பத்தில் இடம் கிடைத்தது இங்கேதான். சலுகையைக் கொடுத்தது கோடு; அது பலிக்க இடம் கொடுத்தது மேடு.

அப்படியானால் 1799-இன் கோடு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது எப்படி என்று கேட்கலாம். வரி, பள்ளி, காவல், நீதிமன்றம் ஆகியவற்றை ஆள ஒரு கோடு போதும். அந்த அளவில் அது உண்மையான எல்லைதான். யானையையும் மழைநீரையும் ஆள அது போதாது. 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டு, தமிழ்நாட்டுப் பக்கத்துக் காட்டுக்குப் பாதுகாப்பு வந்தது. அப்பால் பன்னர்கட்டா தேசியப் பூங்கா கர்நாடகத்தின் பொறுப்பு. ஒரே யானைக் கூட்டத்தை இரண்டு வனத்துறைகள் மாறி மாறி விரட்டும் நிலை இதன் விளைவு. பெங்களூரும் ஓசூரும் ஒன்றையொன்று நோக்கி வளர்ந்துவரும் இந்த நேரத்தில், யானை வழித்தடத்தையும் நீரையும் இரு மாநிலங்களும் கூடித் திட்டமிடாவிட்டால், ஜவளகிரியில் ராகி விதைப்பவர்தான் அந்தப் பிழைக்கு விலை கொடுப்பார்.